வரேன்னு சொல்லக் கூடாத வாசல்

எனக்கு எழுபத்திரண்டு வயசு. பெத்தது மூணு, வளர்த்தது அஞ்சு. தங்கச்சி போய்ச் சேர்ந்தப்புறம் அவள் பிள்ளைகள் ரெண்டும் என் வீட்டில்தான் சாப்பிட்டு ஆளாச்சு. அஞ்சும் நல்லா இருக்கு. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் எதையோ பேசுறாள்னு யாரும் நினைச்சிடக் கூடாது.

ஆவடி பக்கத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவா இருந்தேன். பேர் வேண்டாம். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் படியைத் துடைச்ச கை இது. போன மாசம் அங்கே புதுசா வந்திருக்கிற சிஸ்டர் பொண்ணு கோவில்பதாகையில் எங்க வீட்டைத் தேடிக்கிட்டு வந்தது. ஆஸ்பத்திரி ஆண்டு விழாவுக்கு மலர் போடுறாங்களாம்.

"ஆயாம்மா, இப்ப வார்டுக்கு, பெரிய செல்லு மாதிரி ஒரு டேப் குடுத்திருக்காங்க. நாம தமிழ்ல பேசினா அது இந்தியில சொல்லுது, ஒடியாவில சொல்லுது. அது இல்லாத காலத்துல நீங்கல்லாம் எப்படிச் சமாளிச்சீங்கன்னு மலருக்கு எழுதிக் குடுங்களேன்" என்றது.

"அந்த டேப்பு கிட்ட, போயிட்டு வரேன்னு சொன்னா அது இன்னா சொல்லும்?" என்று கேட்டேன்.

அது சிரிச்சது. நான் வேடிக்கைக்குக் கேட்கலை. என் வாயில் இருந்து ஆசையாப் போன ஒரு சொல், ஏழு நாள் பிள்ளை ஒண்ணை எமன் கிட்டே கொண்டு போய் நிறுத்தியது. அதைத்தான் சொல்லப் போறேன். அவசரமில்லாமல் சொல்றேன்.

இப்பல்லாம் மத்தியானம் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது, வார்டு வரும். பச்சைத் திரை காத்துக்கு வயிறு ஊதி, மறுபடி அடங்கும். வெந்நீர் அண்டாவில் இருந்து ஆவி கிளம்பி ஜன்னல் கம்பியைச் சுத்திக்கிட்டு நிற்கும். டெட்டால் வாசனையும் பால் வாசனையும் ஒண்ணாக் கலந்து ஒரு வாசனை, அதுக்குப் பேர் கிடையாது. தூரத்தில் மின்சார ரயில் போகும்போது மாத்திரைத் தட்டு லேசா நடுங்கும். எங்கேயோ ஒரு பிள்ளை தும்மும். யாருதுன்னு எழுந்து பார்த்தால் என் வீட்டுச் சுவர்தான் இருக்கும்.

வேலைக்குப் போன முதல் ஆறு மாசம் தரை துடைச்சேன், அவ்வளவுதான். அப்புறம் கன்னியம்மா அக்கா என்னை உள்ளே இழுத்துக்கிச்சு. எனக்கு முன்னால் இருந்த பெரிய ஆயா அது. ஆள் படுத்திருக்கும்போதே ஆளை அசைக்காமல் விரிப்பு மாத்துறது அது கத்துக் குடுத்தது. அழுக்கு விரிப்பை ஒரு பக்கமா முதுகு வரைக்கும் சுருட்டணும். புது விரிப்பைப் பாதி விரிச்சு அதையும் ஒட்டிச் சுருட்டி வைக்கணும். பிரசவமானவளை என் பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி, அந்தப் பக்கம் போய் இழுத்தால் பழசு போகும், புதுசு வரும். நாலு மூலையும் கவர் மடிக்கிற மாதிரி மடிச்சுச் சொருகணும். நான் மடிச்ச மூலை மூணு நாளைக்கு அவிழாது. வேணும்னா அங்கே இருந்த யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

எங்களுக்கு மேல் ஸ்டெல்லா சிஸ்டர். நாகர்கோவில் பக்கம். குள்ளமா, வெள்ளை உடுப்பு, கழுத்தில் ஒரு சின்ன சிலுவை. நடந்தால் செருப்புச் சத்தம் கேட்காது. முதல் நாளே என்னை "ஏட்டி பாக்கியம்" என்று கூப்பிட்டாங்க. எனக்குச் சுருக்கென்றது. எங்க பக்கத்தில் சண்டைக்குத்தான் டி போடுவோம். கன்னியம்மா அக்காதான் சொன்னது: "அந்தம்மா ஏட்டின்னா சந்தோஷமா கீதுன்னு அர்த்தம். நீங்கன்னு ஆரம்பிச்சாங்கன்னு வெய்யி, அன்னிக்கு உனக்குச் சோறு எறங்காது." அது நிஜம். சிஸ்டர் கத்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் ஏற்கனவே சுத்தி வச்ச பேண்டேஜ் துணியைப் பிரிச்சு, மறுபடி மெதுவா, ஓரம் பிசகாமல் சுத்துவாங்க. சுத்திக்கிட்டே, "பாக்கியம், நீங்க இதை எதுக்குச் செஞ்சீங்க?" என்பாங்க. அந்த 'நீங்க' கையில் ஊசி போட்ட மாதிரி உள்ளே இறங்கும்.

அம்பத்தூரில் அடுக்குமாடி வீடுகள் வரிசையா முளைச்ச நேரம். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பொண்ணு ஒண்ணு பிரசவத்துக்குச் சேர்ந்தது. கூட இருக்க அதோட மாமியார் கோயம்புத்தூர் பக்கத்தில் இருந்து வந்திருந்தாங்க. பிள்ளை பிறந்தாச்சு; விடிகாலையில் வந்தவங்க பத்து மணி ஆகியும் பச்சைத் தண்ணி குடிக்கலை. எனக்கு மனசு கேட்கலை.

"இன்னாமா, நீ இன்னா இன்னும் ஒண்ணும் துன்னாம குந்திகினு கீறே? போ, போய் ரெண்டு இட்லி துன்னுட்டு வா. கொழந்தய நான் பாத்துக்குறேன்" என்றேன்.

அந்தம்மா நேரா சிஸ்டர் கிட்டே போயிட்டாங்க. "ஏனுங் சிஸ்டர், அந்த ஆயாம்மா என்னைய நீ, வா, போங்கறாங்க. துன்னுட்டு வாங்கறாங்க. எங்கூர்ல தொட்டில்ல கெடக்கற கொழந்தையக்கூட வாங்க போங்கன்னுதானுங் கூப்புடுவோம்."

எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்தது. "நான் இன்னா கெட்ட வார்த்தையா சொல்லிட்டேன்? பசியோட கீறாங்களேன்னு சொன்னேன்!"

"ஏட்டி, நீ சொன்னது இட்லியை. அவங்க காதுல விழுந்தது 'நீ'" என்றாங்க சிஸ்டர். "மூணு நாளைக்கு நாக்குல ஒரு 'ங்க'வை ஒட்டிக்கோ. தேஞ்சா போயிருவ?"

ஒட்டிக்கிட்டேன். செய்யுறதை அரைகுறையாச் செய்யுற பழக்கம் எனக்கு இல்லை. மூணு நாள் பூரா வாங்க, குடிங்க, ஒருக்களிச்சுப் படுங்க. பிள்ளை கிட்டேயும், "அழாதீங்க, உங்கம்மா இதோ வந்துட்டாங்க" என்றேன். வார்டே சிரிச்சது. போகிற அன்னிக்கு அந்தம்மா வாசல் கேட்டு கிட்டே என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "பாக்கியம், நீ நல்லாரு" என்றாங்க. அந்த 'நீ' எங்க ஊர் 'நீ'. என் கிட்டே இருந்து எடுத்துக்கிட்டது. அப்புறம் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறிட்டாங்க.

வரேன்னு சொல்லலை. நானும் எதிர்பார்க்கலை. இது நம்ம ஜனத்துக்குச் சொல்லிக் குடுக்க வேண்டியதில்லை. யார் வீட்டில் இருந்து கிளம்பினாலும் போறேன்னு சொல்ல மாட்டோம், போயிட்டு வரேன் என்போம். ரெண்டே இடத்தில்தான் 'வரேன்' வாயில் வராது. சாவு வீடு ஒண்ணு, ஆஸ்பத்திரி ஒண்ணு. அங்கேயெல்லாம் மறுபடி வரக் கூடாதே, அதுக்காக. கன்னியம்மா அக்கா இதுக்கு ஒரு முறையே வச்சிருந்தது. பிள்ளையை ஆயாதான் கேட்டு வரைக்கும் தூக்கிக்கிட்டுப் போகணும். தாய் கையில் குடுத்துட்டு, முகத்தைக் கடுமையா வச்சுக்கிட்டு, சத்தமா, "போ! இந்தப் படிய இனிமே மிதிக்காத!" என்று சொல்லணும். "சிரிச்சுகினு சொன்னா நோய் வெளயாட்டுன்னு நெனச்சிக்கும். அதும் காதுல உறைக்கணும்" என்னும். அது போனப்புறம் அந்த வேலை எனக்கு வந்தது. என் வேலையிலேயே நான் ரொம்பப் பெருமையா நினைச்சது அதுதான்.

இன்னொரு பொண்ணு, மிலிட்டரிக்காரர் சம்சாரம், வடக்கே எங்கேயோ இருந்து வந்தவள். முக்காடு மூக்கு வரைக்கும். பக்கத்தில் மாமியார் ஜபமணி உருட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. நம்ம பொண்ணுங்க வலி எடுத்தால் அம்மான்னு கத்துறதில் ரயில்வே ஸ்டேஷனே திரும்பும். இவள் மூச்சு விடலை. இன்னும் நேரம் இருக்குன்னு நான் வெந்நீர் வைக்கப் போயிட்டேன். சிஸ்டர் வந்தவங்க அவள் முகத்தைப் பார்க்கலை. போர்வைக்கு வெளியே இருந்த காலைப் பார்த்தாங்க. ரெண்டு பெருவிரலும் கட்டில் கம்பியைக் கிளி பிடிக்கிற மாதிரி பிடிச்சிருந்தது. "ஏட்டி, ஓடியா!" அவ்வளவுதான். அண்டா கொதிக்கிறதுக்குள்ளே பிள்ளை வெளியே. மாமியார் முன்னால் கத்துறது அவங்க பக்கம் வெட்கமாம். அன்னியில் இருந்து நான் எல்லார் காலையும் பார்ப்பேன்.

காலைப் பார்க்கத் தெரிஞ்ச எனக்கு, மினதி முகத்தைப் பார்க்கத் தெரியலை.

மினதி ஒடிசாக்காரி. இருபது வயசு இருக்கும். புருஷன் பேர் பிகாஷ். நெமிலிச்சேரியில் கட்டடம் கட்டுற இடத்தில் வேலை. அவனுக்குத் தெரிஞ்ச தமிழ் சிமெண்ட், மணல், சீக்கிரம், டீ. அவளுக்கு அதுவும் தெரியாது. வந்து மூணு மாசம்தான். தலைப்பிரசவம், தாய் கூட இல்லை. அந்த மூணு நாளும் நான்தான் அவளுக்கு எல்லாம்.

நான் வாயைத் திறந்தால் போதும், அப்படியே பிடிச்சுக்குவாள்; வராத சொல்லைக் கையால் காட்டுவாள், அதையும் சேர்த்துத்தான் நான் இங்கே பேச்சாச் சொல்றேன். வயித்தைத் தொட்டு வலி என்றேன். சாயங்காலமே, "மாவுசி, வலி கீது" என்கிறாள். மாவுசின்னா அவங்க பாஷையில் சித்தி, பெரியம்மா. சிஸ்டர் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. "ஏட்டி, ஒரு மெட்ராஸ்காரியை உண்டாக்கிட்டியே!" டாக்டரம்மா வந்து எப்படி இருக்கேன்னு கேட்டால், "நல்லா கீறேன், இன்னா!" என்பாள். ரெண்டாம் நாள் நான் வேலை முடிஞ்சு கிளம்பும்போது, மறுநாளும் வேலைக்கு வர்றவள்தானே, "போயிட்டு வரேன்" என்றேன். அவள் கண் விரிஞ்சது. கையை வாசலுக்கு நீட்டி, மறுபடி தன் பக்கம் இழுத்து, "போ... வா?" என்று கேட்டாள். "ஆமாம், வரேன்" என்றேன். அவளுக்கு என்ன சந்தோஷமோ, வரேன், வரேன்னு நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கிட்டாள். எதுக்கு அவ்வளவு சந்தோஷம்னு நான் கேட்டிருக்கணும். கேட்கலை.

வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். சிஸ்டர் மாத்திரை அட்டையில் காலைக்கு ஓரத்தில் ஒரு வெட்டு, ராத்திரிக்கு ரெண்டு வெட்டு வெட்டிக் குடுத்தாங்க. படிக்கத் தெரியாதவங்களுக்கு அப்படித்தான். திங்கட்கிழமை பிள்ளையைத் திரும்பக் காட்டணும். அதைச் சொல்ல, ரெண்டு கையையும் கன்னத்தடியில் வச்சுக் கண்ணை மூடி, ஒரு தூக்கம், ரெண்டு தூக்கம், மூணு தூக்கம் தூங்கிக் காட்டினாங்க. மினதியும் மூணு தரம் தூங்கிக் காட்டினாள். பிகாஷும் தூங்கினான். எல்லாரும் சிரிச்சோம்.

கேட்டு கிட்டே பிள்ளையை அவள் கையில் குடுத்தேன். குனிஞ்சு என் காலைத் தொட்டாள். நிமிர்ந்து, முகம் பூரா சிரிப்பா, "மாவுசி, வரேன்" என்றாள்.

பச்சைப் பிள்ளையை வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்னு வரேன் என்கிறாளே!

"சீ, வாய மூடு! வரேன்னு சொல்லாத! போறேன்னு சொல்லு. போ! இந்தப் படிய இனிமே மிதிக்காத. திரும்பிப் பாக்காத, போ!"

கன்னியம்மா அக்கா சொன்னது போலவே, கடுமையா, கையை வெளியே வீசிச் சொன்னேன். அவள் உதடு ரெண்டு தரம் அசைஞ்சது. அப்புறம், "போறேன்" என்றாள். தலையைக் குனிஞ்சுக்கிட்டே போனாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. எவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கிற பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டு நான் உள்ளே வந்தேன்.

திங்கட்கிழமை அவள் வரலை. பிகாஷ் குடுத்த நம்பருக்குப் போட்டால் மணி அடிச்சு அடிச்சு ஓஞ்சது. செவ்வாய்க்கிழமை காலையில் சிஸ்டர் நோட்டைப் பார்த்துட்டுக் கேட்டாங்க.

"ஏட்டி, அந்த ஒடிசாப் பொண்ணு ஏன் வரலை? போகும்போது ஏதாச்சும் சொன்னாளா?"

"போறேன்னு சொல்லிட்டுப் போனா சிஸ்டர். பாவம், வரேன்னு சொல்ல வந்துது. நான்தான் அதட்டிச் சொல்ல வச்சேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாவே.

சிஸ்டர் கை பேண்டேஜ் துணிக்குப் போனது. பிரிச்சாங்க. சுத்த ஆரம்பிச்சாங்க.

"நீங்க என்ன சொன்னீங்க பாக்கியம்? அங்க சொன்னபடியே இங்க சொல்லுங்க."

சொன்னேன். வாய மூடு. வரேன்னு சொல்லாத. இந்தப் படிய இனிமே மிதிக்காத. வார்டு அப்போ அமைதியா இருந்தது. திரை ஊதி அடங்கியது. என் குரல் சுவரில் பட்டு என் கிட்டேயே வந்தது. நம்ம வழக்கம் தெரியாத ஒருத்தி காதோட அதை நான் கேட்டேன். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துட்டேன்.

"அந்தப் பொண்ணுக்கு இந்த ஊர்ல தெரிஞ்ச தமிழ் நீங்க குடுத்த தமிழ்தான்" என்றாங்க சிஸ்டர். "ஏழு நாள் பிள்ளை. போய்ப் பாத்துட்டு வாங்க."

ஆவடியில் மத்தியான ரயில் ஏறினேன். பெட்டியில் நாலு பேர்தான். வெயில் ஜன்னல் வழியா வந்து பலகையில் படுத்திருந்தது. பட்டாபிராம் தாண்டினதும் முள்ளுக்காடும், அதுக்கு நடுவே நடுவே பாதி எழும்பின கட்டடங்களும். கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கிட்டு நின்னது. எல்லாம் தண்ணிக்கு அடியில் இருக்கிற மாதிரி மெதுவா நகர்ந்தது. எத்தனை டிஸ்சார்ஜ், எத்தனை பிள்ளை, எத்தனை தரம் போ போன்னு சொல்லியிருப்பேன்! அத்தனை பேரும் ஜன்னலுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கிட்டு நடந்து போகிற மாதிரி இருந்தது.

ஸ்டேஷனுக்குப் பின்னால் டீக்கடை. "அண்ணாத்தே, ஒடிசாக்காரங்க எங்க கீறாங்க?"

"அக்காங், இங்க இருக்குறவன் பூரா ஒடிசாதான். உனக்கு எந்த ஒடிசா?"

"பச்ச புள்ளக்காரி."

"அதோ மஞ்சப் பொடவ காயுது பாரு, அந்த ஊடு."

தகரத்தில் வரிசையா அறைகள். உள்ளே இருட்டும் கடுகெண்ணெய் வாசனையும். பிகாஷ் வேலைக்குப் போயிருந்தான். மினதி என்னைப் பார்த்ததும் திடுக்குன்னு எழுந்து முக்காட்டை இழுத்துக்கிட்டாள். அவள் வாயில் வந்த முதல் பேச்சு இதுதான்.

"மாவுசி, நான் வரல. படி மிதிக்கல."

திருடலைன்னு சொல்ற மாதிரி சொன்னாள்.

"கொழந்த எங்க கண்ணு?"

"தூங்கறான். நல்ல பையன். அழல. காலைல இருந்து அழல."

அழாத பிள்ளையை நல்ல பிள்ளைன்னு தாய் சொல்லலாம், ஆயா சொல்லக் கூடாது. தூக்கினேன். துணி மாதிரி இருந்தது. உடம்பு பூரா கடுகெண்ணெயில் மஞ்சள் குழைச்சுப் பூசியிருந்தாங்க. அவங்க வழக்கம். யார் பார்த்தாலும் மஞ்சள் பூசினதுன்னுதான் நினைப்பாங்க. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து, முந்தானையை நனைச்சு நெத்தியைத் துடைச்சேன். துடைச்ச இடத்தில் ஒரு விரலை அழுத்தி எடுத்தேன். நல்ல பிள்ளைக்கு அழுத்தின இடம் வெளுத்துச் சிவக்கும். இதுக்கு மஞ்சளாவே நின்னது. மாரையும் துடைச்சு அழுத்தினேன், மஞ்சள். வயித்தில் மஞ்சள். தொடையில் மஞ்சள். இமையைத் தூக்கிப் பார்த்தேன். பூசாத இடம் அது, அங்கேயும் மஞ்சள். உள்ளங்காலைச் சுண்டினேன். ஒரு முனகல் வந்தது, அதுக்கு மேல் இல்லை.

"கெளம்பு. ஆஸ்பத்திரிக்கு."

அவள் நகரலை. "நீ வராத சொன்ன. உள்ள திட்டுவாங்க."

"யாரும் திட்ட மாட்டாங்க, வாடி!"

"மூணு தூக்கம் தூங்கி வந்தேன் மாவுசி. கேட்டு எதுர்ல நின்னேன். ரொம்ப நேரம். நீ மாடியில துணி காயப் போட்ட. நான் பாத்தேன். நீ கூப்புடல."

திங்கட்கிழமை நான் மாடியில் விரிப்புதான் உலர்த்திக்கிட்டிருந்தேன். வெள்ளை விரிப்புகள் காத்துக்குப் பறக்கிறதை ரசிச்சுக்கிட்டு நின்னேன். அவள் கீழே ரோட்டில், படியை மிதிக்காமல், பிள்ளையை வச்சுக்கிட்டு என்னைப் பார்த்துக்கிட்டு நின்னிருக்கிறாள்.

ஆட்டோவில் போகும்போது துண்டு துண்டாச் சொன்னாள். அவங்க ஊரிலும் கிளம்பும்போது போறேன்னு சொல்ல மாட்டாங்களாம். "ஆசுச்சி" என்பாங்களாம். ஆசுச்சின்னா வரேன். அதான் என் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டப்போ அவ்வளவு சந்தோஷம். தாய் வீட்டுச் சொல்லு ஒண்ணு இங்கேயும் இருக்கேன்னு. அதே வாயால் நான், வரேன்னு சொல்லாதே, போறேன்னு சொல்லு என்றேன். "போறேன், செத்தவங்கதான் மாவுசி. திரும்ப வராதவங்கதான். பையனைக் கையில வச்சுகினு சொல்ல வச்ச." அழலை அவள். ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னாள். மடியில் பிள்ளை தலை ஆட்டோ ஆட்டத்துக்கு ஆடினது.

படியில் நான் முதலில் ஏறி, கையை நீட்டினேன். அப்பவும் அவள் ஒரு நொடி தயங்கித்தான் மிதிச்சாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு டாக்டரம்மா, "காமாலை. இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தா மூளைக்கு ஏறியிருக்கும்" என்றாங்க. நீல வெளிச்சத்தில் வச்சாங்க. கண்ணுக்குக் கறுப்புத் துணிப் பட்டை, இடுப்புக்கு ஒரு துண்டு, வேற ஒண்ணுமில்லை. ரெண்டு மணிக்கு ஒரு தரம் பால். ஒவ்வொரு பாலுக்கு அப்புறமும் புரட்டிப் போடணும், மல்லாக்க ஒரு தரம், குப்புற ஒரு தரம். மூத்திரத் துணி எத்தனை நனைஞ்சதுன்னு கோடு போட்டு வைக்கணும். திரையை மூடிட்டால் பகலிலேயே அந்த அறை கடலுக்குள்ளே இருக்கிற மாதிரி இருக்கும். என் கை நீலம், மினதி முகம் நீலம். பிள்ளை அந்த நீலத்தில் மிதந்துக்கிட்டு எங்கேயோ போயிக்கிட்டும் வந்துக்கிட்டும் இருந்தது. வா, வா, வான்னு உள்ளுக்குள்ளே சொல்லிக்கிட்டே இருந்தேன். ஆஸ்பத்திரிக்குள்ளே நான் அந்தச் சொல்லை அவ்வளவு தரம் சொன்னது அதுதான் முதல்.

புதன்கிழமை மத்தியானம் வீல்னு ஒரு அழுகை. வெளியே இருந்து சிஸ்டர் குரல்: "ஏட்டி, பசிக்குல்லா அழுதான்! அவளை எழுப்பு!" எனக்குக் கண் மறைச்சிடுச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் மினதி கிட்டே சொன்னேன். வராதேன்னு உன்னைச் சொல்லலை, நோயைச் சொன்னேன். கையைக் காட்டி, நெத்தியைத் தொட்டு, காய்ச்சல் மாதிரி நடுங்கிக் காட்டி, அதைக் கேட்டுக்கு வெளியே தள்ளிக் காட்டினேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாள்.

"நோய்க்குச் சொன்ன? எனக்கு இல்ல?"

"உனக்கு இல்லடி."

"அப்ப நோய எதுக்கு மாவுசி என் மூஞ்சப் பாத்துத் திட்டுன?" என்று கேட்டுட்டுச் சிரிச்சாள் பாருங்க.

வெள்ளிக்கிழமை மறுபடி டிஸ்சார்ஜ். திங்கட்கிழமை மறுபடி காட்டணும். ராத்திரியெல்லாம் யோசிச்சிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்னு, வா என்று என் வாய் சொல்லாது. இத்தனை வருஷமாக் காத்த சொல்லு. வராதேன்னு இனிமேல் சொல்லவும் முடியாது. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நடந்தேன். கேட்டு வந்தது, நிற்கலை. வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எதிரே ஷேர் ஆட்டோ நிற்கிற இடம் வரைக்கும் போனேன். அவள் நின்னேன்னு சொன்ன அதே இடம். அங்கே ஆஸ்பத்திரி இல்லை, அது ரோடு.

"போயிட்டு வா, கண்ணு" என்றேன். "திங்கக்கெழம காத்தால பத்து மணிக்கு நான் இங்க நிப்பேன். நீ ஆஸ்பத்திரிக்கு வராத. என் கிட்ட வா. எங்க, நான் இன்னா சொன்னேன்? திருப்பிச் சொல்லு."

"மூணு தூக்கம். பத்து மணி. மாவுசி கிட்ட வா."

பிள்ளையை வாங்கிக்கிட்டு, என் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் பயந்தே சொன்னாள்: "ஆசுச்சி, மாவுசி."

"ஆசுச்சி" என்று நானும் சொன்னேன். என் வாயில் அது எப்படி வந்ததோ, ஆட்டோ டிரைவர் வரைக்கும் எல்லாரும் சிரிச்சாங்க.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே போய் நின்னேன். வெயில் ஏறிக்கிட்டே இருந்தது. பத்து அடிச்சு, பத்தே கால் ஆச்சு. ஒவ்வொரு ஷேர் ஆட்டோவா வந்து, ஆளை இறக்கிட்டுப் போச்சு. அஞ்சாவது ஆட்டோவில் முதலில் அந்த மஞ்சள் புடவை தெரிஞ்சது, அப்புறம் ஒரு சின்னக் கால், உதைச்சுக்கிட்டு. பிள்ளையை வாங்கி வெயிலில் நெத்தியை அழுத்திப் பார்த்தேன். வெளுத்தது. சிவந்தது.

அதுக்கப்புறம் நான் வேலையை விடுற வரைக்கும் எல்லாரையும் ரோட்டைத் தாண்டிக் கொண்டு விட்டுட்டுத்தான் வருவேன். நம்ம ஜனத்தையும் சேர்த்து. ஆயாவுக்கு மூளை கலங்கிடுச்சுன்னு சில பேர் சொன்னாங்க, சொல்லிட்டுப் போகட்டும். சிஸ்டர் மட்டும், ஒவ்வொரு டிஸ்சார்ஜுக்கும் எனக்குன்னு அஞ்சு நிமிஷம் விட்டுக் குடுப்பாங்க.

மலருக்கு இது போதும். சொன்னது நான், எழுதினது என் மகள் வயித்துப் பேத்தி ஷாலினி. வேலப்பன்சாவடி பக்கம் காலேஜ் படிக்கிறாள், கையெழுத்து முத்து முத்தா இருக்கும்.

ஷாலு, எங்க, முதல்ல இருந்து ஒரு தரம் படிச்சுக் காட்டு. நான் சொன்னது ஒண்ணு, நீ எழுதினது ஒண்ணா இருக்கப் போவுது. அப்புறம் கேளு, அந்தக் கேட்டு கிட்ட போன்னு சொன்னேன் பாரு, அந்த எடம் வந்தா கோவமாப் படிச்சிராத. நான் ஆசையாத்தான் சொன்னேன். ஆசையாப் படி.